பி.டி. பருத்தியும் சேரிக் கைகளும்

மரபணு மாற்றுப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்று இந்த நாட்டில் கால் நூற்றாண்டாக ஒரு சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் விதைக் கம்பெனியும் விஞ்ஞானியும். இன்னொரு பக்கம் சுற்றுச்சூழல்காரர்களும் விவசாயச் சங்கத் தலைவர்களும். இரண்டு தரப்பும் 'விவசாயி' என்கிற ஒரு ஆளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. விவசாயிக்கு லாபம் என்கிறது ஒரு கட்சி. விவசாயி செத்தான் என்கிறது மறு கட்சி. யார் இந்த விவசாயி? பட்டா வைத்திருப்பவர். பருத்திக்குள் குனிந்து களை எடுத்தவள், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவன், வெடித்த சுளையைப் பறித்து மடியில் கட்டியவள், இவர்கள் யாரும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் தலித்துகள் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலத்தில் தலித்துகள் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் கீழே. உழவு வேலையில் இருக்கிற தலித்துகளில் 71 சதவீதம் பேர் கூலிகள். அப்படியென்றால் ஒரு விதை நல்லதா கெட்டதா என்பதை நிலத்துக்காரரின் லாப நட்டத்தை வைத்து மட்டும் எப்படி முடிவு பண்ணுவது? அந்த விதை எத்தனை நாள் கூலியைக் கொடுத்தது, எத்தனை நாள் கூலியைப் பிடுங்கியது, யார் உடம்பில் விஷத்தை ஏற்றியது, யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவந்தது என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் சேர்த்து எழுதவில்லை. இந்தியாவில் பெருமளவில் பயிராகிற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். ஆகவே அதன் வரலாற்றை நிலத்தின் பக்கமிருந்து இல்லாமல் கைகளின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

புது விதையும் அரைப்படி நெல்லும்

புது விதை வந்தால் ஏழைக்கும் சோறு வரும் என்பது எங்களுக்குப் புதுக் கதையில்லை. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. உரம் வந்தது, பூச்சிமருந்து வந்தது, டிராக்டர் வந்தது. களத்தில் நெல் கூடியது. கூடின நெல்லில் கூலியையும் கொஞ்சம் கூட்டிக் கொடு என்று சேரிச் சனங்கள் கேட்டார்கள். கேட்டது அரைப்படி. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டார்கள், வெளியூர் ஆளை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னபோது சனங்கள் மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

பசுமைப் புரட்சியைத் திட்டுகிறவர்கள் மண் கெட்டது, நீர் கெட்டது, நாட்டு விதை அழிந்தது என்று எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் வெண்மணி வராது. புகழ்கிறவர்களின் டன் கணக்கிலும் வராது. விதை விளைச்சலைக் கூட்டலாம். கூடினதை யார் யாருக்கு அளப்பது என்பதைச் சாதியும் நிலமும்தான் தீர்மானிக்கிறது. பருத்திக்கு வரும்போதும் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூவைக் கிள்ளுகிற விரல்கள்

பி.டி. பருத்தியின் கதையை எல்லோரும் 2002-இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் 1970-இலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருசம்தான் குஜராத்தில் சூரத் ஆராய்ச்சி நிலையத்தின் சி.டி. பட்டேல் உருவாக்கிய ஹைபிரிட்-4 என்ற வீரிய ஒட்டுப் பருத்தி வெளியானது. வணிகத்துக்கு வந்த ஒட்டுப் பருத்தியில் உலகத்திலேயே அதுதான் முதல். 1972-இல் கர்நாடகத்தின் தார்வாரிலிருந்து பி.எச். கட்டார்க்கியின் வரலட்சுமி வந்தது. நன்றாக விளைந்தது, நல்ல நூல் கொடுத்தது. ஆனால் ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைத்து மறுவருசம் விதைத்தால் அதே குணம் வராது. வருசா வருசம் காசு கொடுத்து வாங்க வேண்டும். விதை வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல பூட்டு வேறென்ன வேண்டும்?

இந்த விதையை உண்டாக்குவது எப்படி என்று பார்த்தால்தான் நம் கதை வரும். பருத்திப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாக இருக்கும். இரண்டு ரகத்தை ஒட்டுக் கட்ட வேண்டுமென்றால், மறுநாள் மலரப் போகிற மொட்டைச் சாயங்காலமே தேடிப் பிடித்து, இதழைப் பிரித்து, மகரந்தப் பைகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நடுவில் இருக்கிற சூல்முடி ஒடியாமல் விட வேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியிலிருந்து பூ பறித்து வந்து ஒவ்வொரு சூல்முடியிலும் தடவ வேண்டும். தடவினதற்கு அடையாளம் கட்ட வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. இரண்டு மூன்று மாசம் ஒரு நாள் தவறாமல். ஒரு நாள் விட்டால் அந்தப் பூ தானே சூல்கொண்டுவிடும், விதை கலந்துபோகும். இதற்கு எங்கள் பக்கம் 'கிராசிங்' என்று பேர். படிக்காத சனம் எல்லாருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை அது.

நான் சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். ஏழாவது படிக்கும்போது அக்காவோடு கிராசிங் வேலைக்குப் போனேன். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். காட்டுக்காரர் ஆவணி மாசத்திலேயே அப்பாவிடம் முன்பணம் கொடுத்துவிடுவார். அந்தப் பணம் வீட்டுக் கூரைக்கோ பாட்டி வைத்தியத்துக்கோ போய்விடும். அப்புறம் பூ முடிகிற வரைக்கும் நாங்கள் அந்தக் காட்டுக்கு எழுதிக் கொடுத்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் என் வருகைப் பதிவேட்டில் அந்த மாசங்கள் வெறும் புள்ளியாக இருந்தன. "பிஞ்சு விரலுக்குத்தான் பூ நோகாது" என்று காட்டுக்காரர் சொல்வார். எங்கள் உயரத்துக்கும் செடி உயரத்துக்கும் பொருத்தமாம். பெரியாள் கூலியில் பாதிதான் எங்களுக்கு என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பொருத்தம். நகக்கண் வெடித்துவிடும். காலையில் மருந்தடித்த செடிக்குள் மத்தியானம் இறங்குவோம். தலை சுற்றும், வாந்தி வரும். "வெயிலு" என்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றுவார்கள். அந்த விதை எந்தக் கம்பெனிக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருகிற ஏஜெண்டை மட்டும்தான் தெரியும்.

இது என் ஒருத்தி கதை இல்லை. 1990-களின் கடைசியில் ஆந்திராவின் கர்நூல், மகபூப்நகர் பக்கம் ஒட்டுப் பருத்தி விதைக் காடுகளில் லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் வேலை செய்ததை தாவுலூரி வெங்கடேஸ்வரலு என்ற ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அதில் பெண்பிள்ளைகளே அதிகம். தலித், பழங்குடி, பிற்பட்ட சாதிப் பிள்ளைகள். குஜராத்தின் விதைக் காடுகளுக்கு ராஜஸ்தானின் தெற்கிலிருந்து பில் பழங்குடிப் பிள்ளைகளை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். நம் தருமபுரி, சேலம் பக்கத்தையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் காட்டிய முக்கியமான விசயம் ஒன்று உண்டு. கம்பெனி காட்டுக்காரருக்குக் கொடுக்கிற விதை விலையில் பெரியாளுக்கு முழுக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதாவது விலையை நிர்ணயிக்கும்போதே அதற்குள் பிள்ளையின் விரல் எண்ணப்பட்டுவிட்டது.

கிள்ளுகிற வேலையைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருந்தது. ஆண் பாகம் இயல்பிலேயே மலடாக இருக்கிற செடியைத் தாய்ச் செடியாக வைத்தால் மகரந்தப் பையைச் சுரண்டுகிற வேலை வேண்டாம். அந்த முறையில் சுகுணா என்ற ஒட்டு ரகத்தைக் கோயம்புத்தூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1978-லேயே கொடுத்தது. ஆனால் கிள்ளுகிற முறைதான் நிலைத்தது. பிள்ளைகளின் விரல் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது.

விதைக்குள் வைத்த விஷம்

இப்போது பி.டி.க்கு வருவோம். மண்ணில் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழு செத்துக் கொட்டியபோது முதலில் கண்ணில் பட்டது. 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவுப்பூச்சியின் புழுவில் மறுபடி கண்டுபிடித்தார்கள், அந்த ஊர்ப் பேரையே வைத்தார்கள். இந்தப் பாக்டீரியா ஒரு புரதத்தைச் செய்கிறது. அது புழுவின் குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடும். புழு தின்பதை நிறுத்திச் சாகும். மனிதக் குடலில் அந்தப் புரதம் ஒட்டுவதற்கான இடம் இல்லை. பாக்டீரியாவிலிருந்து இந்தப் புரதத்தைச் செய்யச் சொல்கிற மரபணுவை வெட்டி எடுத்துப் பருத்தியின் மரபணுவுக்குள் சேர்த்தார்கள். பருத்திச் செடியே காய்ப்புழுவுக்கு விஷமானது. 1996-இல் அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் சோதனை நடந்தபோது 1998 நவம்பரில் ராய்ச்சூர் மாவட்டத்தில் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் சோதனை வயலைப் பிடுங்கிக் கொளுத்தியது. 2001-இல் குஜராத்தில் அனுமதி இல்லாத பி.டி. விதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைந்து நிற்பது வெளியே தெரிந்தது. 2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மகிகோ-மான்சான்டோவின் மூன்று ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் விதைக்கலாம் என்றது. பத்து வருசத்துக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் ஏறக்குறைய 90 சதவீதத்தை பி.டி. பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகத்தில் வைத்துத்தான் விற்றார்கள். இந்தியாவில் ஒட்டு ரகத்தில் வைத்தார்கள். காப்புரிமைச் சட்டத்தை நம்பி இருக்கத் தேவையில்லை, செடியே பூட்டுப் போட்டுக்கொள்ளும். 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய் வரை விற்றது. ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகு 2006-இல் 750 ரூபாய்க்கு இறங்கியது. பி.டி. பரவப் பரவ ஒட்டு விதையின் தேவை ஏறியது. ஒட்டு விதையின் தேவை ஏறினால் கிராசிங் காடும் ஏறும். ஆய்வுக்கூடத்தில் மரபணுவைச் சேர்த்தது நவீன விஞ்ஞானம். அந்த விதையைப் பெருக்கிக் கொடுத்தது அக்கா மாதிரியான பிள்ளைகளின் நகம்.

நன்மை உண்டா?

உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாமும் ஒரு பக்கத்துக் கூலிக்கு எழுதுகிறவர்களாகிவிடுவோம்.

பி.டி. வருவதற்கு முன்னால் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் சாகவில்லை. ஒரு வெள்ளாமைக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட அடித்தார்கள். அடித்தது யார்? எங்கள் அப்பா மருந்தடித்த அன்றைக்கு எங்களைக் கிட்டே சேர்க்க மாட்டார். திண்ணையிலேயே படுத்துக்கொள்வார். "சோத்துலயும் மருந்து வாசம்தாண்டி வருது" என்று அம்மா தட்டை எடுத்துவைப்பாள். மருந்தடிப்பு குறைந்தால் முதலில் மூச்சு விடுகிறவன் சேரிக்காரன்தான். பி.டி. வந்த முதல் சில வருசங்களில் அது நிஜமாகவே குறைந்தது. மத்தின் கைமும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகள், பி.டி.யால் பூச்சிமருந்து விஷம் ஏறுவது குறைந்ததாக 2011-இல் சொல்லின. 2002 முதல் 2008 வரை எடுத்த கணக்கை வைத்து, ஏக்கருக்கு 24 சதவீதம் விளைச்சலும் 50 சதவீதம் லாபமும் கூடியதாக 2012-இல் எழுதினார்கள். மகாராஷ்டிரத்தின் ஒரு கிராமத்தில் எடுத்த கணக்கில் பெண் கூலிகளின் வருமானமும் கூடியதாகக் காட்டினார்கள். காரணம் லேசானது. பருத்தி எடுப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. செடியில் பஞ்சு கூடினால் மடியில் கனம் கூடும்.

சாப்பாட்டுக்கு ஆபத்து என்கிற பயத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். 2016-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விற்பனையில் இருக்கிற மரபணு மாற்றுப் பயிர்களைத் தின்பதால் மற்றப் பயிரைவிட உடம்புக்குக் கூடுதல் கெடுதல் என்பதற்குச் சான்று இல்லை என்றது. அதே அறிக்கை, அமெரிக்காவில் விளைச்சல் ஏறுகிற வேகம் இந்தப் பயிர்களால் கூடியதற்கும் சான்று இல்லை என்றது. முதல் பாதியைக் கம்பெனிக்காரர்கள் மேடையில் சொல்கிறார்கள், இரண்டாவது பாதியை எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். முழுசாகச் சொல்கிறவர் குறைவு.

திரும்பி வந்த புழு

ஒரே விஷத்தை நாடு முழுக்க வருசம் முழுக்கக் கொடுத்தால் அதைத் தாங்குகிற புழு பெருகும். அதைத் தள்ளிப் போடத்தான் பி.டி. பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதையும் கொடுத்து, வயலைச் சுற்றி விதைக்கச் சொன்னார்கள். பலரும் அதைத் தூக்கிப் போட்டார்கள். 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாங்கிவிட்டது என்று மான்சான்டோவே ஒத்துக்கொண்டது. 2006-இல் இரண்டு மரபணுவோடு வந்த இரண்டாம் தலைமுறை பி.டி.யையும் 2015 வாக்கில் அது தாண்டிவிட்டது. சாறு உறிஞ்சுகிற பூச்சிகளை பி.டி. எப்போதுமே ஒன்றும் செய்யாது. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியது. நாக்பூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தியும் கிளென் ஸ்டோன் என்ற மானுடவியலாளரும் 2020-இல் இருபது வருசக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் ஏறியதற்குப் பெரும்பாலும் உரமும் நீர்ப்பாசனமுமே காரணம், பூச்சிமருந்துச் செலவு பி.டி. வருவதற்கு முன்பிருந்ததைவிட மேலே போய்விட்டது என்றார்கள்.

செலவு மேலே போனது என்றால் டேங்கு மறுபடி முதுகில் ஏறியது என்று அர்த்தம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், சிலருக்குக் கண் பார்வை போனது. செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, அடித்த மருந்து முகத்தில் வந்து விழுந்தது. செத்தவர்களில் கூலிக்கு அடித்தவர்கள் நிறைய. அதே வருசம் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்தார்கள். பாதுகாப்பு உடை போடலை, முகமூடி கட்டலை என்று செத்தவன் மேலேயே பேச்சு வந்தது. முகமூடி வாங்கித் தராதவரைப் பற்றிப் பேச்சு வரவில்லை. மருந்து தீண்டின உடம்பு தீண்டத்தகாதவன் உடம்பு என்றால் விசாரணையும் அந்தத் தூரத்திலேயே நின்றுவிடுகிறது.

பி.டி.யால் விவசாயி தற்கொலை என்று வருசக்கணக்காக வாதம் நடந்தது. பருத்தி விவசாயிகளின் தற்கொலை பி.டி. வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடனும் மானாவாரி நிலமும் விலைச் சரிவும் அதற்குள் இருக்கின்றன. என் கேள்வி வேறு. 2022-க்கான தேசியக் குற்ற ஆவணக் கணக்கில் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அதில் நிலத்தில் சாகுபடி செய்தவர்கள் 5,207. கூலிகள் 6,083. கூலிதான் அதிகம். இந்த 6,083 பேர் எந்த விதையால் செத்தார்கள், எந்தக் கடனால் செத்தார்கள் என்று எந்த மேடையில் யார் கேட்டார்கள்?

களைக்கொல்லியும் களைக்கூலியும்

அடுத்து வருவதுதான் எங்கள் பெண்களின் வயிற்றில் நேராக அடிக்கிறது. களைக்கொல்லியைத் தாங்குகிற பயிர். கிளைபோசேட் அடித்தால் களை எல்லாம் கருகும், பயிர் மட்டும் நிற்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட பருத்திக்கு அனுமதி கிடையாது. ஆனால் 2017 வாக்கில் கள்ள விதை பல மாநிலங்களில் பரவியிருந்தது தெரியவந்தது. 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கடனாக்காரர்கள் பகிரங்கமாகவே விதைத்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை.

'ஆள் கிடைக்கல' என்ற பேச்சை நாம் மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கூலிக்குப் பழைய மாதிரிக் கூப்பிட்ட நேரத்துக்கு வர ஆள் இல்லை என்பதுதான் அது. 2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு எங்கள் அம்மாக்கள் முதல்முறையாக 'இவ்வளவு குடுத்தா வரேன்' என்று சொன்னார்கள். அந்த வாயை மூடுவதற்குக் களைக்கொல்லி ஒரு வழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படியில்லை என்கிறது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், களை எடுக்கிற நாள்கள் போவது போவதுதான்.

களை எடுப்பது சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு நாற்பது வயசில் இடுப்பு நிமிரவில்லை. அந்த வேலை ஒழிந்தால் நல்லதுதான். ஆனால் வேலை ஒழியும்போது அதிலிருந்து மிஞ்சுகிற பணம் யார் வீட்டுக்குப் போகிறது? அம்மாவுக்கு வேற வேலை எங்கே? நிலம் எங்கே?

சுற்றுச்சூழல் தோழர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. 2021-இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் களைக்கொல்லியைத் தாங்குகிற இரண்டு பாசுமதி நெல் ரகங்களை வெளியிட்டது. அது மரபணு மாற்றுப் பயிர் இல்லை, சடுதிமாற்றத்தால் வந்தது. ஆகவே அனுமதிக் குழுவுக்குப் போகவில்லை, பெரிய போராட்டமும் இல்லை. நாற்று நடாமல், களை எடுக்காமல் நேரடியாக விதைத்து நெல் எடுக்கலாம். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணுக்கு, அந்தக் குணம் பாக்டீரியாவிலிருந்து வந்தால் என்ன, நெல்லுக்குள்ளேயே வந்தால் என்ன? உங்கள் கோடு ஆய்வுக்கூடத்தில் போட்ட கோடு. எங்கள் கோடு வரப்பில் இருக்கிறது.

நாட்டு விதை என்கிற பழம்பெருமை

கத்தரிக்காய்க்கு வந்தது பெரிய சண்டை. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் குழு பச்சைக்கொடி காட்டியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ரகங்களை உருவாக்குவதில் பங்கெடுத்திருந்தது. ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட பிறகு அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் 2013-இல் அனுமதித்து விதைத்தது. 2022 அக்டோபரில் கடுகுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்து, 2024 ஜூலையில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். 2025 மே மாசம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. இதையெல்லாம் பத்திரிகையில் படிக்கும்போது கம்பெனி, விஞ்ஞானி, விவசாயி, நுகர்வோர் என்று நாலு பேர்தான் என் கண்ணில் பட்டார்கள். கூலி என்று ஐந்தாவது ஆளைக் காணோம்.

எதிர்ப்பு மேடையில் ஏறினால் நாட்டு விதை, நம் மண், நம் மரபு என்று ஒரு பாட்டு. எந்த மரபு? காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் விளைந்த காலத்தில் எங்கள் தாத்தாவுக்குக் களத்தில் அளந்தது பதரும் கருக்காயும். விதைக்கோட்டை ஆண்டை வீட்டுச் சேந்தியில் இருந்தது, எங்கள் குடிசையில் இல்லை. பல ரக விதை வேண்டும், அது அழியக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த விதையோடு சேர்த்துப் பழைய கிராமத்தையும் முளைக்க வைக்கப் பார்த்தால் அங்கேதான் நாம் நிற்க வேண்டும். அது பார்ப்பனியத்தின் மண்வாசனை.

அம்பேத்கர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று 1945-இல் எழுதிய நூலில், காந்தியின் எந்திர வெறுப்பை எடுத்து அலசுகிறார். மாட்டைப் போல உழைத்துச் சாகிற மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க எந்திரம் வேண்டும் என்கிறார். எந்திரத்தால் கெடுதல் வந்தால் அதற்குக் காரணம் எந்திரமில்லை, தனிச்சொத்தையும் தனி லாபத்தையும் புனிதமாக்கி வைத்திருக்கிற சமூக அமைப்புத்தான் என்பது அவர் வாதம். விதைக்கும் அதையே பொருத்திப் பார்க்கலாம். மரபணுவைத் தொட்டாலே தீட்டு என்று நாம் சொல்ல முடியாது. தீட்டு என்கிற சொல்லால் அடிபட்டவர்கள் நாம். அந்த மரபணு யார் கையில் இருக்கிறது, யார் உடம்பின் மேல் ஓடுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

வேறு மாதிரியும் நடந்திருக்க முடியும். நாக்பூர் நிலையமும் தார்வார் பல்கலைக்கழகமும் சேர்ந்து, விதையை எடுத்துவைத்துத் திரும்ப விதைக்கக்கூடிய சாதா ரகத்தில் பி.டி.யை வைத்து பிக்கானேரி நர்மா என்று 2009-இல் வெளியே விட்டன. அதில் மான்சான்டோவின் மரபணு கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பொதுத் துறையின் அந்த அலட்சியம் கம்பெனிக்குத்தான் வழிவிட்டது. அப்படி ஒரு சாதா ரகம் முன்பே பரவியிருந்தால் கிராசிங் காட்டுக்கே தேவை இருந்திருக்காது.

நாம் கேட்க வேண்டியது

ஒரு விதைக்கு அனுமதி கொடுக்கும் முன் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், தேனீயைப் பார்க்கிறார்கள். அது சரி. அந்த விதையால் ஓர் ஏக்கரில் எத்தனை நாள் பெண் கூலி கூடும் குறையும், எத்தனை தடவை மருந்தடிக்க வேண்டும் என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத விதைக்கு அனுமதி இல்லை என்று சொல்ல வேண்டும். அனுமதிக் குழுவில் விவசாயக் கூலிகளின் ஆள் உட்கார வேண்டும். ஒட்டு விதைக் காட்டில் பெரியாள் கூலியைக் கணக்கில் வைத்து விதை விலையைப் போடச் சொல்ல வேண்டும். மருந்தடித்துச் செத்தவனுக்கு விபத்து இழப்பீடு சட்டப்படி கிடைக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம், எடுத்துவைத்து விதைக்கக்கூடிய ரகத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் நிலம் இருக்கிறது. 1892-இல் திரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு கிடைத்த பஞ்சமி நிலம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கையில் நிலம் இருந்தால் எந்த விதையை விதைப்பது என்று நாமும் யோசிக்கலாம். நிலமில்லாதவனிடம் விதையைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்க் காலனியில் பருத்திக்குப் போன அம்மாக்களிடம் உட்காருங்கள். எந்த வருசம் களைவேலை குறைந்தது, எடுப்புக் கூலி கிலோவுக்கு என்னவாக இருந்தது, மருந்தடித்து யார் விழுந்தார்கள், எந்தப் பிள்ளை கிராசிங்குக்குப் போய்ப் படிப்பை விட்டது என்று பேர் சொல்லாமல் தேதி போட்டு எழுதுங்கள். பல்கலைக்கழகத்துக்காரன் எழுதுவான் என்று காத்திருக்க வேண்டாம். பத்து ஊர்க் கணக்குச் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு அந்த அனுமதிக் குழுவின் முன்னால் போய் நிற்கலாம். அடுத்த விதை கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.